ஒன்றரை மாடி

எங்க கம்பெனியில யாருக்கும் மீட்டர்ல பேச வராது. கயிறு மட்டும் மீட்டர்லதான் வரும். பெரிய உருளையில சுத்தி, மேல இருநூறு மீட்டர்னு அச்சடிச்சு வந்து இறங்கும். அதை வாங்க வர்ற ஆளுங்க கேக்கறது வேற பாஷை. "அக்கா, எட்டு மாடி குடு." "அக்கா, பக்கெட் கட்ட ரெண்டு ஆள் கயிறு போதும்." "அக்கா, மூணு கண்ணாடி குறையுது, ஒட்டுப் போட்டுக்கலாமா?" ஒட்டுப் போடறதாம் ஒட்டு! உன் தலைக்கும் கழுத்துக்கும் நடுவுல போட்டுக்கோடான்னு கத்திட்டு, புதுசா வெட்டிக் குடுப்பேன். மாடியை மீட்டராக்கி, கண்ணாடியை மாடியாக்கி, ஆளை அடியாக்கி, பத்தொம்பது வருஷமா இதான் என் பொழப்பு. எனக்கு வெச்ச பேரே மீட்டரக்கா.

உயரமான கட்டடத்துல வெளிப்பக்கமா கயிறுல தொங்கிக்கிட்டுக் கண்ணாடி துடைக்கிறாங்களே, அந்த ஆளுங்களை அனுப்பற கம்பெனி எங்களுது. கயிறு ரூம் என் பொறுப்பு. ஆபீசுக்குப் பின்னாடி, ஒரே ஒரு ஜன்னல். தரையில மீட்டருக்கு ஒரு மஞ்சக் கோடு, மொத்தம் பத்து மீட்டர். கயிறை அந்தக் கோடு மேல இழுத்து இழுத்து அளப்பேன். சுவத்துல ஒரு அட்டை தொங்கும், என் கையெழுத்து. ஒரு மாடி மூணு மீட்டர். ரெண்டு கண்ணாடி ஒரு மாடி. ஒரு ஆள் ஒன்னே முக்கால் மீட்டர். இந்த ஆள் விஷயத்துலதான் வந்த புதுசுல பெரிய ரகளை. நெட்டையா ஒருத்தன் என் உயரத்துக்கு ரெண்டு ஆள் போதும்பான், குட்டையன் எனக்கு மூணு வேணும்பான். கயிறு ரூம்ல எல்லாரும் ஒரே உயரம்தான், பேசாம போங்கடான்னு எழுதி மாட்டிட்டேன்.

அட்டையில எழுதாத சங்கதியும் உண்டு. எத்தனை மாடின்னு சொன்னாலும் அதோட ரெண்டு மாடி சேத்துத்தான் வெட்டுவேன். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. மேல உள்ளது மொட்டைமாடி வளையத்துல கட்டறதுக்கு, கீழ உள்ளது தரையில சுருண்டு கெடக்கறதுக்கு. கணக்குல அரை, கால்னு மிச்சம் வந்தா மேல தூக்கிப் போடுவேனே தவிர கீழ இறக்க மாட்டேன். பதினேழே கால்னா பதினெட்டுதான். "கயிறு என்ன உங்க அப்பன் வீட்டுதா?"ன்னு சூப்பர்வைசர் கேப்பாரு. உசுரு உங்க அப்பன் வீட்டுதான்னு திருப்பிக் கேப்பேன். வாய் நீளம் எனக்கு. அதை மட்டும் யாரும் அளந்து பாத்ததில்ல.

இன்னொண்ணு, வண்டி மாடி. கட்டடத்தோட அடியில, தரைக்கு மேல, கார் நிறுத்தற தளத்துக்கு எங்க ஆளுங்க வெச்ச பேரு அது. உயரம் கம்மி, ரெண்டரை மீட்டர்தான். லிப்ட்ல அதுக்கு நம்பர் கிடையாது, பட்டன்ல வெறும் எழுத்துதான் இருக்கும். எங்க ஆளுங்க லிப்ட் நம்பரைப் பாத்துத்தான் மாடி சொல்லுவானுங்க. அதனால வண்டி மாடி அந்த எண்ணிக்கையில சேராது. பன்னெண்டு மாடின்னு முதல்ல சொல்லணும், அப்புறம் வண்டி மாடி இத்தனைன்னு தனியா சொல்லணும். சொல்றதை நான் சீட்டுல எழுதிக்கணும். சீட்டுப்படிதான் கயிறு.

தம்பியைப் பத்திச் சொல்லாம இழுத்துக்கிட்டே இருக்கேன். அவனைக் கம்பெனியில பல்லின்னுதான் கூப்பிடுவாங்க. சுவத்துல ஒட்டிக்கிட்டு இறங்கற அழகு அப்படி. பதினோரு வருஷத்துல உடம்புல ஒரு கீறல் கிடையாது. அப்பா அம்மா போனதுக்கப்புறம் அவனை ஆளாக்கினது நான், வேலையில சேத்துவிட்டது நான், பொண்ணு பாத்துக் கட்டி வெச்சது நான். அவன், அவன் பொண்டாட்டி, நான், மூணு பேரும் ஒரே வீட்டுலதான் இருந்தோம். எனக்குக் கல்யாணம் ஆகல. ஏன் ஆகலன்னு கேட்டவங்களை நான் பேசின பேச்சுல இப்பெல்லாம் யாரும் கேக்கறதில்ல.

அன்னிக்குக் காலையில டீயைக் கையில வெச்சுக்கிட்டு, டம்ளரையே பாத்துக்கிட்டுச் சொன்னான். "அக்கா, ரெண்டு தெரு தள்ளி ஒரு வீடு பாத்திருக்கோம். சின்ன வீடுதான். அவளுக்கும் தனியா ஒரு அடுப்படி வேணும்னு ஆசை." அவ சமையக்கட்டுல கதவுக்குப் பின்னாடி நின்னா. பாத்திரம் கழுவற சத்தம் நின்னு போச்சு.

எனக்கு மூக்குக்கு மேல கோவம். இத்தனை வருஷம் இந்த வீட்டுல உனக்கு என்ன குறை வெச்சேன், நேத்து வந்தவளுக்கு என் அடுப்பு கசக்குதான்னு வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். அவன் சிரிச்சான். எப்பவும் அப்படித்தான், நான் கத்தினா அவனுக்குச் சிரிப்பு வரும். "ரெண்டு தெருதானேக்கா. நானே அளந்துட்டேன். முப்பத்தேழு மாடியைப் படுக்கப் போட்டா உன் வாசலுக்கும் என் வாசலுக்கும் சரியா வந்துடும்"ன்னான். நான் சாப்பிடாம கிளம்பி வந்துட்டேன்.

பதினோரு மணிக்குத் தம்பிகிட்டேர்ந்து ஃபோன். ஒரு புதுக் கட்டடம், பின்பக்கச் சந்து. மொட்டைமாடியில நின்னு பேசறான், காத்து இரையுது. "அக்கா, பன்னெண்டு மாடி." எழுதினேன். "ம்"னேன். "இன்னும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் இருக்கியா? வண்டி மாடி வேற மூணு இருக்கு, சேத்துக்கோ. சாயங்காலம் வாக்கா, அந்த வீட்டை நீயும் ஒரு தடவை வந்து பாரு."

"உன் வீட்டை நீயே பாத்துக்கோ"ன்னு ஃபோனை வெச்சேன்.

வண்டி மாடி மூணு. காதுல விழுந்துச்சு. தெளிவாவே விழுந்துச்சு. காத்துச் சத்தம், வயசாயிடுச்சு, வேலை அதிகம், இப்படி எதைச் சொன்னாலும் பொய். விழுந்ததுக்கு அப்புறம் அவன் வீட்டைப் பத்திப் பேசினான், என் புத்தி வீட்டுப் பின்னாடியே போயிடுச்சு. சீட்டுல பன்னெண்டுன்னு இருந்துச்சு. மேல ஒண்ணு கீழ ஒண்ணு, பதினாலு. பதினாலு மூணு நாப்பத்திரண்டு. உக்காந்து இறங்கற கயிறு நாப்பத்திரண்டு மீட்டர், பாதுகாப்புக் கயிறும் அதே நாப்பத்திரண்டு. வெட்டிச் சுருட்டிக் குடுத்தேன், வண்டிக்காரன் எடுத்துக்கிட்டுப் போனான்.

கீழ ஒரு ஆள் நிக்கணும். அதான் முறை. கயிறு தரையைத் தொட்டதும் "தொட்டுச்சு"ன்னு குரல் குடுத்துட்டு, இறங்கறவன் கயிறைத் தாண்டி நழுவிடாம இருக்க முனையில பெருசா ஒரு முடிச்சுப் போடுவான். அந்த ஆளை அன்னிக்குக் காலையில சூப்பர்வைசர் வேற கட்டடத்துக்கு அனுப்பிட்டாரு. பல்லிக்கு எதுக்குக் கீழ ஆளுன்னாராம். சந்து குறுகல், இருட்டு. மேலேர்ந்து பாத்தா கயிறு முனை தெரியாது. வண்டி மாடிக்குக் கண்ணாடி கிடையாது, வெறும் சுவர். துடைக்க வேண்டியது முடிஞ்சா எங்க ஆளுங்க மெதுவா இறங்க மாட்டானுங்க, சர்ருன்னு வழுக்கிக்கிட்டுப் போவானுங்க. அவனும் அப்படித்தான் போயிருக்கான்.

வெட்டினது நாப்பத்திரண்டு. மேல கட்டினதுல மூணு போச்சு. தொங்கினது முப்பத்தொம்பது. சுவர் நாப்பத்துமூணரை. மிச்சம் நாலரை மீட்டர். கண்ணாடியில சொன்னா மூணு. ஆளுல சொன்னா ரெண்டரைக்குக் கொஞ்சம் மேல. மாடியில சொன்னா ஒன்றரை. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோல போகும்போது கையும் ஓடல காலும் ஓடல, ஆனா இந்தக் கணக்கு மட்டும் மண்டைக்குள்ள தானா ஓடிக்கிட்டே இருந்துச்சு. எப்படி மாத்தி மாத்திப் போட்டாலும் அதே நாலரை மீட்டர்தான்.

முதுகெலும்புல அடி. ரெண்டு நாள் அவனுக்கு நினைவே இல்ல. மூணாவது நாள் காலையில கண்ணு முழிச்சு, என் கையைப் புடிச்சுக்கிட்டு ஏதோ கேட்டான். தூங்குடா, அப்புறம் பேசலாம்னேன். டாக்டர் என்னை மட்டும் வெளிய வராண்டாவுக்குக் கூப்பிட்டாரு. "எழுந்து உக்காந்தாலே பெரிய விஷயம்மா. நடக்கறதை எல்லாம் மறந்துடுங்க"ன்னாரு.

அதே வராண்டாவுல சூப்பர்வைசர் நின்னுக்கிட்டு இருந்தாரு. அவருக்கு நாங்க வெச்ச பேரு சரிசரி. எதைச் சொன்னாலும் சரி சரிம்பாரு, எதையும் செய்ய மாட்டாரு. கையில ஒரு பேப்பர், பேனா. கீழ ஆள் இல்லாததைப் பத்தி அதுல ஒரு வார்த்தை இல்ல. நான் கேட்டேன். "அதையெல்லாம் இப்ப கிளறாதீங்கம்மா. மேலிடத்துல ஒரே ஒரு கேள்விதான் கேக்கறாங்க. கயிறு ஏன் குறைஞ்சுச்சு? சொன்ன வாயி தப்பா, எழுதின கையி தப்பா? ரெண்டும் உங்க வீட்டு ஆளுங்கதான். நீங்களே முடிவு பண்ணிக்கோங்க."

நான் யோசிச்சேன். யோசிச்சேன்னுதான் இத்தனை நாளா எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருக்கேன். அவன் இனிமே நடக்கப் போறதில்ல. நடக்காதவனுக்கு நல்ல பேரு எதுக்கு, அதை வெச்சு எந்தக் கட்டடத்துல ஏறப் போறான்? என் வேலையும் போச்சுன்னா அவனுக்கு மாத்திரை யாரு வாங்கறது, அந்தப் பொண்ணு பாவம் எங்க போவா? இதெல்லாம் சரியான நியாயம்தான். அதுக்கு அடியில இருந்தது பயம். பத்தொம்பது வருஷமா மீட்டரக்கா தப்பு பண்ண மாட்டான்னு பேரு வாங்கிட்டு, என் கயிறுதான் என் தம்பியைத் தள்ளிச்சுன்னு நாலு பேரு முன்னாடி சொல்ல எனக்குத் துப்பில்ல. ‘வாகனத் தளங்கள் பற்றித் தொழிலாளி எதுவும் தெரிவிக்கவில்லை’ன்னு எழுதியிருந்துச்சு. கையெழுத்துப் போட்டேன்.

பாவி, அவன் நடந்துட்டான்.

ரெண்டாவது மாசம் எழுந்து உக்காந்தான். மூணாவது மாசம் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நின்னான். நாலாவது மாசம் ஒரு நாள் நான் சாப்பாட்டுத் தூக்கோட வார்டுக்குள்ள நுழையறேன், அவன் பொண்டாட்டி வாசல்லயே ஓடி வந்து என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. "அண்ணி, ஒரு கட்டில் நடந்துட்டாரு!" நீளமான வார்டு அது, ஒரு பக்கத்துக்கு இருபது கட்டில். தன் கட்டில்லேர்ந்து அடுத்த கட்டில் வரைக்கும் போயிருக்கான். அவனுக்கு மாடி போயி இப்ப கட்டில்தான் அளவு. "அக்கா, இது உன் அட்டையில இல்லையே. ஒரு கட்டில் எத்தனை மீட்டர்?"னு கேட்டுச் சிரிச்சான், நெத்தியெல்லாம் வேர்வை. நான் பையிலேர்ந்து டேப்பை எடுத்து அளந்தேன். கட்டில் அகலமும் நடுவுல உள்ள இடைவெளியும் சேத்து ரெண்டே கால் மீட்டர்.

எனக்கு அழுகை வந்துச்சு. சந்தோஷ அழுகைன்னு அவங்க நெனச்சாங்க. சந்தோஷமும்தான். அதுக்குள்ள முள்ளு மாதிரி அந்தப் பேப்பர் குத்துச்சு.

அதுக்கப்புறம் தினம் கணக்குதான். இன்னிக்கு ரெண்டு கட்டில். இன்னிக்கு நாலு, ஆனா நடுவுல ஒரு தடவை உக்காந்துட்டேன். பக்கத்துக் கட்டில்காரங்க எல்லாம் அவனுக்கு எண்ணிக்கை சொல்லுவாங்க. எட்டாம் நம்பர் கட்டில்ல இருந்த கிழவர் அவன் தாண்டும்போது கை தட்டுவாரு. "எதுக்குடா இப்படி உசுரைக் குடுத்து நடக்கறே, மெதுவா ஆகட்டுமே"ன்னேன் ஒரு நாள்.

"சரிசரி வந்திருந்தாருக்கா. கயிறு பழக்கிவிடற வேலை ஒண்ணு காலியா இருக்காம். புதுப் பசங்களுக்கு முடிச்சு, இறக்கம், எல்லாம் சொல்லிக்குடுக்கணும். ஏற வேண்டாம், கீழ நின்னாப் போதும். அம்பது மீட்டர் துணையில்லாம நடந்துட்டா வந்து பாருன்னாரு." அவன் கண்ணுல அப்படி ஒரு வெளிச்சம். "இனி நான் சுவத்துல தொங்க முடியாது. ஆனா கயித்து வாசனை இல்லாம என்னால இருக்க முடியாதுக்கா. அம்பது மீட்டர்னா எத்தனை கட்டில்?"

கணக்குப் போட்டேன். இருபத்திரண்டு கட்டிலும் கொஞ்சமும். "இருபத்துமூணு"ன்னேன்.

"பாரு, இதுலயும் தூக்கித்தான் போடறா!"ன்னு வார்டே கேக்கற மாதிரி சிரிச்சான்.

கயிறு பழக்கற ஆளோட ஏட்டுல ஒரு விபத்துக்கூட அவன் தப்புன்னு இருக்கக் கூடாது. அது எனக்குத் தெரியும். கம்பெனியில எல்லாருக்கும் தெரியும். சரிசரிக்கும் தெரியும், தெரிஞ்சேதான் சும்மா ஒரு ஆசை காட்டிட்டுப் போயிருக்காரு. தம்பிக்கும் தெரியும். அவனுக்குத் தெரியாதது அப்படி ஒரு பேப்பர் இருக்குன்னு மட்டும்தான். நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். அஞ்சு கட்டில் ஆகட்டும், கொஞ்சம் தெம்பு வரட்டும்னு நெனச்சேன். அஞ்சு ஆச்சு. பத்து ஆகட்டும்னு தள்ளினேன். பத்து ஆச்சு, பதினாறு ஆச்சு. ஒவ்வொரு கட்டிலுக்கும் அவன் மூஞ்சி தெளிஞ்சுக்கிட்டே வந்துச்சு, நான் வாயைத் திறக்காம சாம்பார் ஊத்திக்கிட்டு இருந்தேன். நீளமான வாயின்னு பேரு!

எட்டாவது மாசம் இருபது கட்டிலையும் தாண்டி, வார்டு வாசலைத் தாண்டி, வராண்டாவுல சுவத்துல நான் போட்டு வெச்ச கோடு வரைக்கும் நடந்தான். அடுத்த திங்கக்கிழமை, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு ஆபீசுக்கு வந்தான். கயிறு ரூம் ஜன்னல்லேர்ந்து பாத்தேன். கேட்லேர்ந்து மாடிப்படி வரைக்கும் யாரையும் புடிக்காமதான் நடந்தான். வேலையில இருந்த ஆளுங்க எல்லாம் "பல்லி வந்துட்டாண்டா"ன்னு சுத்திக்கிட்டாங்க. என் கையில கயிறு, எத்தனை மீட்டர் அளந்தேன்னு மறந்து போயி மறுபடியும் முதல்லேர்ந்து அளந்தேன். மறுபடியும் மறந்தேன்.

அரை மணி நேரம் ஆச்சு. தனியா வந்து கயிறு ரூம் வாசல்ல நின்னான். பொண்டாட்டியை கேட் பக்கத்துல உக்கார வெச்சுட்டு வந்திருக்கான்.

"பேப்பரைக் காட்டினாருக்கா."

நான் கயிறைக் கீழ வெச்சேன்.

"நான்தான் வண்டி மாடியைச் சொல்லலையாமே." உள்ள வந்து, மெதுவா, கயிறு உருளை மேல உக்காந்தான். "எட்டு மாசமா அந்த ஃபோனை மனசுக்குள்ள ஓட்டி ஓட்டிப் பாத்தேன். ஒரு தடவை சொன்ன மாதிரி இருக்கு, ஒரு தடவை சொல்லாத மாதிரி இருக்கு. மண்டை காஞ்சு போச்சு. இப்ப உன் கையெழுத்தைப் பாத்ததும் தீந்துடுச்சு. நீ என்னிக்கு அளவு தப்பியிருக்கே? நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்."

அப்புறம் சொன்னான் பாருங்க. "என் வாயால உனக்குத்தான் எவ்வளவு கஷ்டம். எட்டு மாசமா எனக்குச் சோறு ஊட்டி, மலம் மூத்திரம் எடுத்து... மன்னிச்சிடுக்கா."

அந்த மன்னிப்பை வாங்கி வெச்சுக்கிட்டு நான் வேலையைப் பாத்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. அவன் என்னைச் சாமி மாதிரி பாத்துக்கிட்டே இருந்திருப்பான், அந்தப் பொண்ணும் என் அடுப்பிலேயே சமைச்சுக்கிட்டு இருந்திருக்கும். சத்தியமா அதுக்குத்தான் வாயைத் திறந்தேன். வேற வந்துடுச்சு.

"நீ சொன்னேடா."

"என்ன?"

"மூணு வண்டி மாடின்னு சொன்னே. சேத்துக்கோன்னு சொன்னே. அதுக்கப்புறம் வீட்டைப் பாக்க வான்னு சொன்னே. எல்லாம் காதுல விழுந்துச்சு. கோவத்துல ஃபோனை வெச்சேன். எழுதல."

அவன் தரையில உள்ள மஞ்சக் கோடுகளைப் பாத்துக்கிட்டே இருந்தான். சிரிப்பான்னு நெனச்சேன். நான் எதைச் சொன்னாலும் சிரிக்கிறவன்தானே.

"மறந்துட்டே"ன்னான்.

"ஆமாடா."

"மறதி யாருக்கும் வரும். கயிறு குறைஞ்சதுக்கு உன்னைக் கேக்க மாட்டேன்." விரலால கயிறை நிமிண்டிக்கிட்டே கேட்டான். "அந்தப் பேப்பர்ல என்னிக்குக் கையெழுத்துப் போட்டே?"

"மூணாவது நாள்."

"அன்னிக்கு எனக்கு நினைவு வந்துடுச்சா?"

"காலையிலேயே வந்துடுச்சு."

"பேசினேனா?"

"பேசினே."

"என்ன பேசினேன்?"

சொல்ல மாட்டேன்னு தலையை ஆட்டினேன். அவன் விடல. "என்னக்கா பேசினேன், சொல்லு."

"‘அக்கா, வண்டி மாடியை உன்கிட்ட நான் சொல்லலையா’ன்னு கேட்டே."

"நீ என்ன சொன்னே?"

"தூங்குடான்னு சொன்னேன்."

வெளிய யாரோ பக்கெட்டை உருட்டிக்கிட்டுப் போனாங்க. அவன் உருளை மேல கையை ஊணி எழுந்தான். தடுமாறினான், நான் புடிக்கப் போனேன். "விடு"ன்னான். சத்தம் போடல. போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். "என் தப்பாத்தான் இருக்கும்னு நெனச்சுதான்க்கா ஒவ்வொரு கட்டிலா நடந்தேன். என் தப்பு, நான்தான் சரி பண்ணணும், உனக்குப் பாரமா கெடக்கக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நடந்தேன். நீ பக்கத்துல நின்னு டேப் புடிச்சு அளந்துக்கிட்டு இருந்திருக்கே." அவ்வளவுதான். வாசல்ல நின்னு ஒரு நிமிஷம் மூச்சு வாங்கிட்டு, அவ இருக்கற பக்கமா போயிட்டான்.

நான் நேரா மேல போயி சரிசரி முன்னாடி நின்னேன். வெள்ளைத் தாள் ஒண்ணு எடுத்து, அவன் சொன்னான், நான்தான் எழுதல, முன்னாடி போட்ட கையெழுத்துப் பொய்யின்னு எழுதி மேசையில வெச்சேன். அவரு படிச்சாரு. "இதை அனுப்பினா, பொய்க் கையெழுத்துப் போட்டவங்களைக் கயிறு ரூம்ல எப்படி வெச்சுக்கறதுன்னு கேப்பாங்க. கீழ ஆள் ஏன் இல்லன்னும் கேப்பாங்க. பழக்கற வேலைக்குப் போன வாரமே ஆள் போட்டாச்சு. யாருக்கும்மா லாபம்? வீட்டுச் சண்டையை வீட்டுல வெச்சுக்கோங்க." தாளை நாலா மடிச்சு டீ கிளாசுக்கு அடியில வெச்சாரு. "சரி சரி, போங்க. ஆறு மாடிக்கு ஆளு வந்து நிக்கறான்."

கீழ வந்தேன். ஆறு மாடிக்கு வெட்டிக் குடுத்தேன். வண்டி மாடி எத்தனைன்னு ரெண்டு தடவை கேட்டு எழுதிக்கிட்டேன். அந்தத் தாளு என்ன ஆச்சுன்னு அதுக்கப்புறம் நான் போயிக் கேக்கல. அதுவும் பயம்தான், வேற என்ன.

அந்த வாரமே சாமான் எடுத்துக்கிட்டாங்க. அவன் வரல. அவதான் ஒரு தள்ளுவண்டிக்காரரோட வந்து, பாத்திரம், துணி, அவனோட மாத்திரை டப்பா எல்லாம் எடுத்து வெச்சா. நான் வாங்கிக் குடுத்த குக்கரை அடுப்பு மேலேயே விட்டுட்டா. போகும்போது சாவியை நீட்டி, "அண்ணி, உங்ககிட்ட ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு சொல்லி அனுப்பினாரு. அதனால சொல்லல"ன்னா. கண்ணு செவந்திருந்துச்சு. அவ என்னைத் திட்டியிருக்கலாம், எனக்குத் திட்டு வாங்கத் தெரியும்.

ரெண்டு தெரு தள்ளி, அதே வீடுதான். அன்னிக்குக் காலையில சொன்னது. இத்தனை நாளா காலியாவே கெடந்திருக்கு. அவனுக்கு ஒரு கட்டடத்துல வாசல்ல உக்காந்து வர்றவங்க போறவங்க பேரை எழுதற வேலை கெடச்சிருக்காம். காலையில அவன் நடக்கறானாம், தெருவுக்குத் தெரு. டாக்டர் அவனை நடந்துக்கிட்டே இருக்கச் சொல்லியிருக்காரு. மளிகைக் கடைக்காரர் சொன்னாரு. எந்தப் பக்கமா நடக்கறான்னு கேட்டேன். அந்தப் பக்கமா, மெயின் ரோட்டைப் பாக்கன்னாரு. என் வீடு இந்தப் பக்கம்.

போன ஞாயித்துக்கிழமை டேப்பை எடுத்துக்கிட்டுப் போயி நானே அளந்தேன். அவன் வீட்டு வாசல் வரைக்கும் போகல, எதிர்வீட்டு மதில் ஓரம் நின்னு பாத்துட்டுத் திரும்பிட்டேன். அவன் கணக்குச் சரிதான். நூத்திப்பத்து மீட்டர். மாடியில முப்பத்தேழு. கட்டில்ல சொன்னா நாப்பத்தொம்பது. அவனால நடக்க முடியாத தூரம் இல்ல.